மனைப்பட்டா இல்லாத பிள்ளைகளும் மனையியல் துறையும்

பல்கலைக்கழகத்தில் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் துறைக்குத் தமிழில் மனையியல் என்று பெயர். குழந்தை வளர்ச்சி அதன் ஒரு பிரிவு. ஒரு குழந்தையின் உடலும் மொழியும் அறிவும் உணர்வும் எப்படி வளர்கின்றன, எது அவற்றை வளர்க்கிறது, எது தடுக்கிறது என்று படிக்கும் படிப்பு. நான் பிறந்த பொன்னேரிப் பக்கத்துச் சேரியில் மனை என்றால் வேறு பொருள். அங்கே அது மனைப்பட்டா. தாத்தா காலத்தில் மனு கொடுத்து, அப்பா காலத்தில் நினைவூட்டல் மனு கொடுத்து, இன்னமும் ஜமாபந்திக்கு ஜமாபந்தி வரிசையில் போய் நிற்கிற விஷயம்.

இந்த இரண்டு மனைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைச் சுற்றிக் கள ஆய்வு செய்துவரும் எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. நம் பல்கலைக்கழகங்கள் குழந்தை வளர்ச்சி என்று சொல்லிக்கொடுப்பது வீடு உள்ள குழந்தையின் வளர்ச்சியை. வீடில்லாத குழந்தை அந்தப் பாடத்தில் குறைபாடு என்ற தலைப்பின் கீழ் மட்டுமே வருகிறது.

யாருடைய குழந்தை?

டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932இல் தொடங்கப்பட்டது. அகில இந்திய மகளிர் மாநாட்டின் மேல்தட்டுப் பெண்கள் எடுத்த முயற்சி அது. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957இல் வந்தது. பெண்கள் உயர்கல்விக்குள் நுழைய இந்தத் துறை கதவு திறந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் கதவு வழியாகத்தான் நானும் வந்தேன். ஆனால் அந்தப் பாடத்திட்டம் மனதில் வைத்திருந்த வீடு எது? அப்பா சம்பாதிக்கிற, அம்மா வீட்டில் இருக்கிற, சமையலறை தனியாக இருக்கிற, குழந்தைக்கு ஒரு மூலையாவது சொந்தமாக இருக்கிற வீடு. ஊரில் இருக்கிற வீடு.

கோட்பாடுகளும் அப்படித்தான். முதலாண்டு மாணவி மனப்பாடம் செய்யும் ழான் பியாஜேயின் மழலைப் பருவக் கோட்பாடு பெருமளவுக்கு அவருடைய சொந்தப் பிள்ளைகள் மூவரைக் கவனித்து எழுதப்பட்டது. உளவியல் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர் உலக மக்கள்தொகையில் வெறும் 12 சதவீதம் வாழும் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று ஹென்ரிக், ஹைன், நோரன்சயான் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2010இல் எடுத்துக்காட்டினார்கள். இந்தியக் கல்விப்புலம் இந்த விமர்சனத்தை மகிழ்ச்சியோடு வரவேற்றது. 'மேற்கத்திய அளவுகோல் நமக்குப் பொருந்தாது, நம் பண்பாடு வேறு' என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். அந்த 'நம்' என்பதற்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் அமைதி. மேற்கத்தியக் குழந்தையின் இடத்தில் கூட்டுக்குடும்பத்துச் சாதி இந்துக் குழந்தையை உட்காரவைத்துவிட்டு அதற்கு இந்தியமயமாக்கல் என்று பெயர் வைக்கிறார்கள்.

ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். அமெரிக்காவின் பெட்டி கால்ட்வெல், ராபர்ட் பிராட்லி இருவரும் உருவாக்கிய 'ஹோம்' என்ற அளவுகோல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. குழந்தையின் வீட்டுக்குப் போய்ப் பார்த்து மதிப்பெண் போடும் முறை. மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கான வடிவத்தில் 55 கேள்விகள். குழந்தைக்குப் பத்துப் புத்தகமாவது இருக்கிறதா, நிறமும் வடிவமும் கற்றுத்தரும் பொம்மைகள் இருக்கின்றனவா, வீட்டில் ஆளுக்கு 100 சதுர அடி இடம் இருக்கிறதா என்று போகும்.

கும்மிடிப்பூண்டி லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வரும். பத்துக்குப் பத்து அறை. 100 சதுர அடி என்பது அங்கே ஒரு ஆளுக்கான கணக்கில்லை, ஒரு குடும்பத்துக்கான கணக்கு. சில அறைகளில் இரண்டு ஷிஃப்டாக ஆட்கள் தூங்குகிறார்கள். ஏரிக்கரையில் தார்ப்பாய் போட்டிருந்த இருளர் குடும்பம் ஒன்றில் புத்தகக் கேள்வியைக் கேட்டபோது அந்த அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: "புக்கு எங்க வெக்கிறது மேடம்? மழ வந்தா அரிசியத் தூக்கி வெக்கவே எடமில்ல." அதற்கு அளவுகோலில் இடம் இல்லை. பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

பூஜ்யங்களைக் கூட்டினால் வருவது 'தூண்டல் குறைந்த வீட்டுச் சூழல்'. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் அதற்குப் பரிந்துரை வரும்: தாய்மார்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி அளிக்க வேண்டும். நில உரிமை கொடுக்காத வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பயிற்சி வேண்டாம். ஆளை எடுத்து வேலைக்கு வைத்துவிட்டுத் தங்க இடம் தராத நிறுவனத்துக்கு வேண்டாம். குறை அந்த அக்காவிடம்தான்.

தாயைக் குற்றவாளியாக்கும் இந்தப் பழக்கம் நம்மூரில் மட்டும் இல்லை. 1995இல் ஹார்ட், ரிஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் கன்சாஸில் 42 குடும்பங்களைப் பார்த்துவிட்டு, ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வருவதற்கு முன்பே வசதியான குழந்தைகளைவிட 3 கோடி சொற்கள் குறைவாகக் கேட்கின்றன என்றார்கள். அதில் அரசு உதவித்தொகையில் வாழ்ந்த குடும்பங்கள் வெறும் ஆறு. ஆறும் கறுப்பினக் குடும்பங்கள். 2019இல் டக்ளஸ் ஸ்பெரியும் சக ஆய்வாளர்களும், தாய் நேரடியாகக் குழந்தையிடம் பேசுவதை மட்டும் எண்ணாமல் சுற்றி இருப்பவர்கள் பேசுவதையும் எண்ணினால் அந்த இடைவெளி அப்படி நிற்பதில்லை என்று காட்டினார்கள். நம் வகுப்பறைகளில் 3 கோடி இன்னும் பாடமாக இருக்கிறது. லைன் வீட்டு வாசலில் தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் கேட்டு, எந்த ஆளிடம் எந்த மொழி என்று நாலு வயதில் மாற்றிப் பேசும் குழந்தையிடம் 'சொல்வளம் குறைவு' என்று எழுதுகிறோம். ஏனென்றால் நாம் தமிழ்ச் சொற்களை மட்டுமே எண்ணினோம்.

முதல் பக்கத்துக் கட்டம்

எங்கள் வினாப்பட்டியல்களின் முதல் பக்கத்தில் சாதிக்கு ஒரு கட்டம் உண்டு. எஸ்.சி., எஸ்.டி., எம்.பி.சி., பி.சி., ஓ.சி. ஒன்றில் டிக் அடித்தால் முடிந்தது. பிறகு அது 'சமூகப் பின்னணி' என்ற மாறியாகி அட்டவணை ஒன்றின் மூலையில் போய் உட்காரும். யூரி பிரான்ஃபன்பிரென்னர் 1979இல் சொன்ன வளர்ச்சிச் சூழலின் வட்டங்களைக் கரும்பலகையில் வரைவோம்: நடுவில் குழந்தை, அடுத்து குடும்பம், பள்ளி, பெற்றோரின் வேலையிடம், கடைசி வட்டத்தில் பண்பாடு. சாதியை அந்தக் கடைசி வட்டத்தில் 'மரபு' என்று எழுதுவார்கள். சேரிக் குழந்தைக்குச் சாதி கடைசி வட்டத்திலா இருக்கிறது? தெருக்குழாயில் இருக்கிறது. கடைக்காரர் மிட்டாயை எப்படிக் கொடுக்கிறார் என்பதில் இருக்கிறது. பால்வாடியை ஊரில் கட்டுவதா சேரியில் கட்டுவதா என்ற சண்டையில் இருக்கிறது.

என் ஆய்வுத் திட்டத்தைச் சமர்ப்பித்த நாளில் குழுவில் இருந்த ஒரு பேராசிரியர் கேட்டார், "குழந்தைக்கு எதுக்கும்மா சாதி?" நல்ல கேள்விதான். குழந்தைக்குத் தேவையில்லை. ஆனால் குழந்தையைக் கேட்டா கொடுத்தார்கள்?

சாதி குழந்தையின் எலும்பு வரைக்கும் போகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. இந்திய அளவில் இந்த உயரக் குறைவைச் சாதியோடு வைத்துப் பார்த்த பொருளியலாளர்கள் அஸ்வினி தேஷ்பாண்டே, ராஜேஷ் ராமச்சந்திரன் இருவரும், தீண்டாமை எங்கே கடுமையாகக் கடைப்பிடிக்கப்படுகிறதோ அங்கே தலித் குழந்தைகளுக்கும் ஆதிக்கச் சாதிக் குழந்தைகளுக்கும் இடையே உயர இடைவெளி கூடுகிறது என்று கண்டார்கள். அப்படியானால் தீண்டாமை என்பது குழந்தை வளர்ச்சிப் பாடத்தில் ஊட்டச்சத்துக்குப் பக்கத்தில் வர வேண்டிய ஒரு தலைப்பு. எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது?

தொழிற்பேட்டை வளர்க்கும் பிள்ளைகள்

சென்னை சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் ஏறிக் கடைசியில் இறங்கினால் கும்மிடிப்பூண்டி. அடுத்து ஆந்திர எல்லை. உருக்கு ஆலைகள், வார்ப்பாலைகள், ரசாயனத் தொழிற்சாலைகள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். 1990 முதல் இருக்கும் ஈழ அகதிகள் முகாம். சுற்றிலும் தலித், இருளர் குடியிருப்புகள். செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்தும் மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலிருந்தும் கொத்தடிமைகளாக இருந்த குடும்பங்கள் எத்தனையோ முறை மீட்கப்பட்டிருக்கின்றன. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் சூளையில் நடைபழகினார்கள்.

தேர்வாய் கண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். தலித்துகள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஆடு மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய, ஏரிகளுக்கு நீர் தந்த ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்க்கால் நிலம் சிப்காட்டுக்குப் போனது. மிச்செலின் டயர் தொழிற்சாலை வந்தது. மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள்; 2012இல் பிரெஞ்சு அமைப்புகளோடு சேர்ந்து பிரான்ஸ் வரைக்கும் புகார் கொண்டுபோனார்கள். பக்கத்திலேயே சென்னைக்குக் குடிநீர் தரும் கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020இல் திறக்கப்பட்டது. மேய்க்கால் போனால் வீட்டில் மாடு போகிறது. மாடு போனால் பிள்ளையின் டம்ளரில் பால் போகிறது. இதை நில உரிமைப் போராட்டமாகப் பதிவு செய்திருக்கிறோம். சரிதான். அது குழந்தை வளர்ச்சிப் பிரச்சினையும்கூட என்று எங்கள் துறை ஒருநாளும் எழுதவில்லை.

வேலைக்குப் போகிற தாயின் கணக்கைப் பாருங்கள். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு. 50 தொழிலாளர் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்றது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம். ஆனால் தொழிற்சாலை வாசலைப் பெருக்குகிற பெண், கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற பெண், லோடு இறக்குகிற பெண் எல்லாம் கான்ட்ராக்டர் ஆட்கள். நிறுவனத்தின் கணக்கில் அவர்கள் தெரிவதில்லை. அவர்களுடைய பிள்ளைகள் எப்படித் தெரிவார்கள்? தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. இந்தியாவிலேயே நல்ல கட்டமைப்பு, பெருமைப்படலாம். ஆனால் காலை ஷிஃப்ட் தொடங்கும்போது பால்வாடி திறந்திருக்காது. ஷிஃப்ட் முடியும்போது பூட்டியிருக்கும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை அங்கே விடவும் முடியாது. சத்துமாவு மட்டும்தான் கிடைக்கும். 2023 ஏப்ரலில் 12 மணிநேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைச் சட்டப்பேரவை நிறைவேற்றி, தொழிற்சங்கங்கள் எதிர்த்த பிறகு திரும்பப் பெற்றது நினைவிருக்கும். அந்த விவாதத்தில் ஒரு குழந்தை வளர்ச்சித் துறையாவது வாய் திறந்ததா? தாய் 12 மணிநேரம் வெளியே நின்றால் பத்து மாதக் குழந்தைக்கு என்னவாகும் என்று சொல்லத் தகுதி படைத்தவர்கள் நாங்கள்தானே.

ஈயம் இன்னொன்று. 1979இல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற மருத்துவர் பாஸ்டன் அருகே பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, அவற்றில் ஈயம் எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்த்தார். ஈயம் கூடிய பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் மதிப்பெண்ணும் கவனமும் குறைந்திருந்தன. வீட்டுப்பாடம் சொல்லித்தராத தாயைக் குறைசொல்லாமல் அவர் பெட்ரோலையும் பெயின்ட்டையும் கேள்வி கேட்டார். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்பது இன்று உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பழைய பேட்டரியை உருக்கும் தொழில் நடக்கும் ஒரு வட்டாரத்தில் குழந்தையின் கவனக்குறைவை அளக்கப் போகும் எங்கள் கையில் பொம்மைப் பெட்டி இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்கான ஏற்பாடு இல்லை.

ஊர்ப் பிள்ளை எதைக் கற்கிறது?

இதுவரை சொன்னது சேரிப் பிள்ளைக்கு என்ன மறுக்கப்படுகிறது என்பது. இதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. ஊர்ப் பிள்ளை எதைக் கற்கிறது?

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேச கிராமங்களில் 6, 7ஆம் வகுப்புச் சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதைகளைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள். யார் என்ன சாதி என்று அறிவிக்காதபோது தலித் சிறுவர்களும் ஆதிக்கச் சாதிச் சிறுவர்களும் சமமாகவே செய்தார்கள். எல்லோர் முன்னாலும் பெயரோடு சாதியையும் படித்த பிறகு தலித் சிறுவர்கள் தீர்த்த புதிர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அதே மூளை, அதே புதிர். மாறியது அறையில் ஒலித்த ஒரு சொல். அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி 1940களில் கறுப்புப் பொம்மையையும் வெள்ளைப் பொம்மையையும் காட்டிச் செய்த ஆய்வு, பள்ளிகளில் இனப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய 1954 தீர்ப்பில் மேற்கோளானது. சாத்தாராப் பள்ளியில் கோணிப்பையைத் தானே கொண்டுபோய்த் தனியாக உட்கார்ந்த சிறுவன் பீமாராவைப் பற்றி நம் குழந்தை வளர்ச்சிப் பாடநூல்கள் ஒரு வரி எழுதியதுண்டா?

ஆனால் இந்த ஆய்வுகளிலும் பார்வை ஒடுக்கப்பட்ட குழந்தையின் மேல்தான் இருக்கிறது. 2017இல் மதுரை மாவட்டம் வலையப்பட்டியில் தலித் பெண்கள் பணிக்கு வந்ததும் அங்கன்வாடியிலிருந்து பிள்ளைகளை நிறுத்தினார்கள் சாதி இந்துப் பெற்றோர். மூன்று வயதுக் குழந்தைக்கு அன்று ஒரு பாடம் நடந்தது. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தோக்கமூரில் தீண்டாமைச் சுவர் 2022இல்தான் இடிக்கப்பட்டது. அதுவரை சுவருக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள் வளர்ந்தார்கள். 2020 சுதந்திர தினத்தில் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம், தலித் பெண் என்பதால், பள்ளியில் கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்டார்; செய்தி வெளியே வந்த பிறகுதான் ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்தவர்கள். வெட்டிய கையும் சிறுவனின் கைதான். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கைக்கயிறு பற்றித் தொலைக்காட்சிகள் விவாதித்தன. ஒரு குழந்தை எந்த வயதில், யார் வழியாக, எந்தப் படிகளில் இன்னொரு குழந்தையைக் கீழாகப் பார்க்கக் கற்கிறது என்பது முழுக்க முழுக்க எங்கள் துறைக் கேள்வி. நாங்கள் சேரிப் பிள்ளையின் சொற்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம். பகிர்தல், பரிவு, நியாய உணர்வு எல்லாம் வளர்ச்சியின் அளவுகள் என்றால், சாதியைக் கற்ற குழந்தை வளர்ச்சி குன்றிய குழந்தை இல்லையா?

அளவுகோலைத் தூக்கி எறியச் சொல்கிறேனா என்று சில தோழர்கள் கேட்பார்கள். இல்லை. காது கேளாத ஒரு இருளர் குழந்தையை ஒரு வயதில் கண்டுபிடிப்பதற்கும் ஆறு வயதில் கண்டுபிடிப்பதற்கும் இடையில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது. பரிசோதனை வேண்டும், எடை பார்க்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும். அதேபோல, 'அந்தப் பிள்ளைகளுக்கு இயற்கையே பள்ளி, நண்டு பிடிக்கத் தெரியும், எவ்வளவு தாங்குதிறன் பாருங்கள்' என்று புகழ்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. தாங்குகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே தாங்கவைப்பது ஒரு தந்திரம். எங்களுக்குப் பாராட்டு வேண்டாம், காப்பகம் வேண்டும்.

முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. இன்று சென்னையில் மாண்டிசோரி என்றால் கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பள்ளி. மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது ரோம் நகரின் சான் லொரென்சோவில், பெற்றோர் வேலைக்குப் போனபின் தனியாகக் கிடந்த தொழிலாளர் பிள்ளைகளுக்காக, அவர்கள் குடியிருந்த கட்டடத்திலேயே. கிட்டத்தட்ட நம் லைன் வீடுதான். 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அடையாறிலிருந்து அந்த முறை கும்மிடிப்பூண்டிக்கு வந்துசேரவே இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாய்க்குப் பேறுகாலத்தில் ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அந்தச் செலவில் அரசுக்கும் பொறுப்பு உண்டு, அவள் உழைப்பால் பலன் பெறும் முதலாளிக்கும் உண்டு என்பது அவர் வாதம். குழந்தை வளர்ச்சியின் கணக்கை யார் பெயரில் எழுத வேண்டும் என்று இதைவிடத் தெளிவாக நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

ஆகவே கேட்பது இவைதான். வினாப்பட்டியலில் தாய்க்கு எத்தனை கேள்விகளோ அத்தனை கேள்விகள் வேலை கொடுப்பவருக்கும், ஊராட்சிக்கும், வட்டாட்சியருக்கும் இருக்கட்டும். முதுகலை மாணவிகளின் களப்பயிற்சி பல்கலைக்கழக வளாகத்து மாதிரி மழலையர் பள்ளியோடு முடியாமல் சிப்காட் வாசலுக்கும் செங்கல் சூளைக்கும் வரட்டும். தொழிற்பேட்டைப் பால்வாடிகள் ஷிஃப்ட் நேரத்துக்குத் திறந்து, கைக்குழந்தைகளையும் ஏற்கட்டும்; அதற்கான செலவில் தொழிற்சாலைகள் பங்கு தரட்டும்; கூடுதல் நேரத்துக்கு அங்கன்வாடி ஊழியர்களுக்குக் கூடுதல் சம்பளம் வரட்டும். சாதியைக் குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆய்வு செய்பவர்களுக்கு நிதியும் நெறியாளரும் கிடைக்கட்டும்.

நம் பிள்ளைகளில் படிப்பவர்கள் சட்டம், பொறியியல், ஐ.ஏ.எஸ். என்று போகிறார்கள், போகட்டும். ஒரு சிலராவது இந்தத் துறைக்கும் வாருங்கள். சமையல் படிப்பா என்று கேட்பார்கள், பரவாயில்லை. எந்தக் குழந்தை இயல்பானது, எந்தத் தாய் குறையுள்ளவள் என்று தீர்ப்பு எழுதும் இடம் இது. அங்கே நம் ஆட்கள் போதிய அளவில் உட்கார வேண்டும்.